கடினம் வேறு, அநியாயம் வேறு இல்லையா? ஷின்னக்காக் ஹில்ஸை முன்வைத்து

#1 | கடற்காற்று

கோல்ஃபின் 2026ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் மீண்டும் ஷின்னக்காக் ஹில்ஸுக்குப் போகிறது. லாங் ஐலண்டின் கிழக்கே, அட்லாண்டிக் காற்று ஓயாமல் வீசும் மேட்டுநிலத்தில் இருக்கிற மைதானம். 1931இல் வில்லியம் ஃப்ளின் வகுத்த அமைப்புதான் இன்றும் அதன் அடிப்படை. எனக்கு மிகவும் பிடித்த மைதானங்களில் ஒன்று. ஆனால் அதன் பேச்சை எடுத்தாலே 2004, 2018 என்று இரண்டு ஆண்டுகளைச் சொல்லி, "அநியாயமான மைதானம்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அதைப் பொறுமையாகப் பேசத்தான் இந்த இழை.

முதலில் 2004. அங்கே 7ஆம் ஹோல் பார் 3, அதாவது மூன்று அடிகளில் முடிக்க வேண்டியது. ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக்கில் உள்ள ரெடான் ஹோலைப் பின்பற்றியது. கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலையை நோக்கிச் சரிகிறது. கொடியைக் குறிவைத்து அடிப்பவருக்கு அங்கே வேலை இல்லை. வலப்பக்கம் இறக்கி, சரிவின் போக்கில் உருள விட வேண்டும். மிக அழகான யோசனை. ஆனால் கடைசி நாள் காலையில் அந்தக் கிரீன் காய்ந்து இறுகிவிட்டது. எங்கே இறக்கினாலும் பந்து தங்கவில்லை. முதலில் வந்த சிலர் டிரிபிள் போகி (பாரைவிட மூன்று அடிகள் அதிகம்) எடுத்ததைப் பார்த்த பிறகு, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையில் தண்ணீர் தெளித்தார்கள். அன்று ஒருவர்கூடப் பாருக்குக் கீழே முடிக்கவில்லை. நாளின் மிகச் சிறந்த சுற்று ராபர்ட் ஆலன்பியின் 70, அதாவது சரியாகப் பார். சராசரி 79ஐ நெருங்கியது. 71 அடித்த ரெட்டீஃப் கூசன் கோப்பையை வென்றார்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மைதானம் எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நல்ல அடிக்கும் மோசமான அடிக்கும் இடையே உள்ள வித்தியாசம் முடிவில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அது தெரியாமல் போகும் இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


#2 | பழைய லிங்க்ஸ்

இந்த "நியாயம்" என்ற எதிர்பார்ப்பே கோல்ஃபுக்கு வெளியிலிருந்து வந்தது என்பது என் உறுதியான கருத்து. டென்னிஸ் ஆடுகளத்துக்கு அளவு இருக்கிறது, கோடு இருக்கிறது. கோல்ஃப் மணல்மேடுகளில் பிறந்த ஆட்டம். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸை யாரும் மேசையில் உட்கார்ந்து வரைந்து உருவாக்கவில்லை. அங்கே 112 பங்கர்கள் (மணற்குழிகள்) இருக்கின்றன. அவற்றில் பல டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) கண்ணுக்கே தெரியாது. ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் இடையே வெட்டிய புல்பாதை) நடுவில் விழுந்த பந்து ஒரு சிறு மேட்டில் பட்டு விலகிப் பங்கருக்குள் போகும். ஓரமாக அடித்தவரின் பந்து அதே மேட்டில் பட்டுக் கிரீனுக்குத் திரும்பும். ஆட்டம் அதுதான்.

1921 பிரிட்டிஷ் ஓப்பனில் 19 வயது பாபி ஜோன்ஸ் அங்கே மூன்றாம் சுற்றில் முதல் ஒன்பது ஹோல்களுக்கு 46 அடித்து, 11ஆம் ஹோலில் பங்கரில் சிக்கி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார். அந்த மைதானத்தை அப்போது வெறுத்தார். 1927இல் அங்கேயே ஓப்பனை வென்றார். 1930இல் அங்கேயே பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். 1958இல் அந்த ஊர் அவருக்குத் தன் கௌரவக் குடியுரிமையை வழங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மைதானம் மாறவில்லை. அதைப் படிக்க அவர் கற்றுக்கொண்டார். இன்று ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் "அநியாயம்" என்று சொல்லும்போதெல்லாம், படிக்க மறுக்கும் 19 வயதுக்காரர்தான் எனக்குத் தெரிகிறார்.


#3 | வாரஇறுதி18

பழைய லிங்க்ஸ் சார், நீங்கள் சொல்வது ஜோன்ஸுக்குச் சரி. எங்களைப் போன்றவர்களுக்கு?

என் ஹேண்டிகேப் 18, அதாவது பாரைவிட ஏறக்குறைய 18 அடிகள் கூடுதலாக ஆடுபவன். டீயிலிருந்து என்னால் சீராகக் காற்றில் கொண்டுபோக முடிவது 180 கஜம். 190 கஜம் தண்ணீரைத் தாண்டினால்தான் ஃபேர்வே என்று ஒரு ஹோல் இருந்தால், நான் படிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? பந்தை இழக்க வேண்டும், அபராத அடி வாங்க வேண்டும், மறுபடியும் அடிக்க வேண்டும். தொலைக்காட்சியில் பார்க்கும் ஷின்னக்காக்கைப் பற்றி எல்லாரும் கோபப்படுகிறீர்கள். நான் காசு கொடுத்து ஆடும் மைதானங்களில் இந்த அநியாயம் எல்லா வாரமும் நடக்கிறது.


#4 | சிவப்பு டீ

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். இன்னும் ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

பெண்களுக்கான டீயைப் பெரும்பாலும் கடைசியில், மிச்சமிருக்கும் இடத்தில் வைக்கிறார்கள். நான் டிரைவரால் (மிக நீண்ட தூரம் அடிக்கும் கிளப்) அடித்தால், உருளலையும் சேர்த்து 150 கஜம். 390 கஜப் பார் 4க்கு எனக்கு மூன்று முழு அடிகள் தேவை. அதாவது நான் ஒரு தவறும் செய்யாமல் ஆடினாலும் இரண்டு அடியில் கிரீனை எட்டவே முடியாது. வடிவமைப்பாளர் 240 கஜத்தில் போட்டிருக்கும் பங்கர், எந்தப் பக்கம் போவது என்று ஆண்களை யோசிக்க வைக்கிறது. என்னுடைய முதல் அடி அதன் பக்கத்திலேயே போகாது. அந்த ஹோலின் கேள்வியே என்னிடம் கேட்கப்படுவதில்லை. நான் வெறுமனே நீளத்தைக் கடந்துகொண்டிருக்கிறேன்.

மைதான வடிவமைப்பாளர் ஆலிஸ் டை இதைப் பல ஆண்டுகள் விடாமல் பேசினார். பெண்களுக்கு ஒரே ஒரு டீ போதாது, குறைந்தது இரண்டு வேண்டும், அவற்றின் நீளத்தை உண்மையான அடி தூரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும் என்றார். அவரே சிறந்த ஆட்டக்காரர் என்பதால் அவர் சொன்னதற்கு எடை இருந்தது. ஆனாலும் இன்றுவரை எத்தனை மைதானங்கள் கேட்டிருக்கின்றன?

செய்ய முடியாத காரியமும் அல்ல இது. 2014இல் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் ஆண்களின் அமெரிக்க ஓப்பனும் பெண்களின் அமெரிக்க ஓப்பனும் அடுத்தடுத்த வாரங்களில் நடந்தன. இரு தரப்பினரும் கிரீனை நோக்கி ஏறக்குறைய ஒரே கிளப்பால் அடிக்கும்படி டீக்களின் தூரத்தை அமைத்தார்கள். வென்ற மார்ட்டின் கைமர் 9 அண்டர் (பாரைவிட 9 அடிகள் குறைவு), வென்ற மிஷெல் வீ 2 அண்டர். ஒரே மைதானம் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டது.


#5 | கடற்காற்று

//அந்த ஹோலின் கேள்வியே என்னிடம் கேட்கப்படுவதில்லை//

சிவப்பு டீ அக்கா, நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் இது. கடினம் என்று பேசும்போது யாருக்குக் கடினம் என்பதையும் சேர்த்துக் கேட்காவிட்டால் விவாதம் வீண்.

ஸ்லோப் ரேட்டிங் என்ற எண்ணைப் பலர் "மைதானம் எவ்வளவு கடினம்" என்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஸ்கிராட்ச் ஆட்டக்காரருக்கு (ஹேண்டிகேப் 0) எவ்வளவு கடினம் என்பதைக் கோர்ஸ் ரேட்டிங் சொல்லிவிடுகிறது. சாதாரண ஆட்டக்காரருக்கு அதைவிட எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதைத்தான் ஸ்லோப் சொல்கிறது. 55 முதல் 155 வரை போகலாம், நடுநிலை 113. வாரஇறுதி18 நண்பரின் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 18 என்று வைத்துக்கொள்வோம். ஸ்லோப் 113 உள்ள மைதானத்தில் அவருக்கு 18 அடிகள் சலுகை. 140 உள்ள இடத்தில் 22. கோர்ஸ் ரேட்டிங்கும் பாரும் சமம் என்று கொண்டு போட்ட கணக்கு இது. இரண்டு மைதானங்களும் ஸ்கிராட்ச் ஆட்டக்காரருக்கு ஒரே அளவு கடினமாக இருக்கலாம். ஒன்று மட்டும் பலவீனமானவரைத் தேடித் தேடி அடிக்கிறது.

தண்ணீரைத் தாண்ட வைப்பதும், இருபக்கமும் ஆளுயரப் புல் வளர்ப்பதும் பலவீனமானவரைத்தான் அதிகம் தண்டிக்கும். பைன்ஹர்ஸ்ட் வேறு வகை. கவிழ்த்த கிண்ணம் போன்ற கிரீன்கள், சுற்றிலும் ஒட்ட வெட்டிய புல். அங்கே 18 ஹேண்டிகேப்காரர் கிரீனுக்கு வெளியிலிருந்தே புட்டரை எடுத்து உருட்டலாம். பந்தைத் தொலைக்கவே மாட்டார். தொழில்முறை ஆட்டக்காரருக்கோ சிப்பா, புட்டா, லோ ரன்னா என்று தலை சுற்றும். வலியவரைச் சோதித்து எளியவரை ஆட விடும் மைதானம் அது. எனக்கு அதுதான் உயர்ந்த வடிவமைப்பு.


#6 | பழைய லிங்க்ஸ்

அதை ஏற்கிறேன். ஓல்ட் கோர்ஸும் அதே இனம்தான். அகலமான ஃபேர்வே, ஒரே பந்தை வைத்துக்கொண்டு 18 ஹோலையும் முடித்துவிடலாம். கட்டாயமாகத் தாண்ட வேண்டியது என்று பார்த்தால் முதல் ஹோலில் குறுக்கே ஓடும் ஸ்வில்கன் ஓடை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் நீங்கள் எல்லாரும் "நல்ல அடிக்கு நல்ல பலன்" என்ற இடத்துக்கே திரும்பி வருகிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 1978இல் அங்கே நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் டாமி நகாஜிமா மூன்றாம் சுற்றில், பட்டத்துக்கான போட்டியில் இருந்தபோது, 17ஆம் ஹோலின் கிரீனை இரண்டே அடிகளில் அடைந்தார். அங்கிருந்து புட் செய்த பந்து சரிவில் வழுக்கி ரோட் ஹோல் பங்கருக்குள் விழுந்தது. வெளியே வர நான்கு அடிகள். மொத்தம் 9. இரண்டு நல்ல அடிகளுக்குக் கிடைத்த பலன் இது. அநியாயமா? அந்தப் பங்கரை அகற்றிவிட்டால் அந்த ஹோலில் என்ன மிஞ்சும்?


#7 | புல் பராமரிப்பாளர்

வணக்கம். மைதானப் பராமரிப்பு என் தொழில். நீங்கள் பேசுவதில் பாதிக்கும் மேல் எங்கள் கையில் இருக்கிற விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

ஷின்னக்காக் 7ஆம் கிரீனை வரைந்தவர் மீது பழி போடாதீர்கள். அந்தச் சரிவு வகுக்கப்பட்ட காலத்தில் புல்லை இவ்வளவு குட்டையாக வெட்ட இயந்திரமே கிடையாது. கிரீன்கள் மெதுவானவை. மெதுவான கிரீனில் பந்து உருள வேண்டுமானால் சரிவு வேண்டும். அதனால் சரிவு வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் சரிவை அப்படியே விட்டுவிட்டு வேகத்தை மட்டும் ஏற்றினார்கள்.

கிரீன் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரின் கதையைப் பாருங்கள். 1935இல் ஓக்மாண்ட் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓப்பனைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், அங்கே கிரீன்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் இருப்பதாக நினைத்து, அதை நிரூபிக்க உருவாக்கிய கருவி அது. ஒரு பள்ளமான கோல். அதை மெல்ல உயர்த்தினால் பந்து உருண்டு இறங்கும். சமதளத்தில் எத்தனை அடி தூரம் ஓடுகிறதோ அதுதான் எண். அமெரிக்கக் கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ 1978இல் மைதானங்களுக்கு அதை வழங்கத் தொடங்கியது. ஒரே மைதானத்தின் 18 கிரீன்களும் ஒரே வேகத்தில் இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். நடந்தது வேறு. "உங்கள் கிரீன் எத்தனை அடி?" என்று கிளப்புக்குக் கிளப்பு போட்டியாகிவிட்டது.

இப்போது எளிய இயற்பியல். 13 அடி வேகத்தில் இருக்கும் கிரீனில் பந்தைப் பிடித்து நிறுத்தும் உராய்வு மிகக் குறைவு. சரிவு ஓர் அளவைத் தொட்டுவிட்டால், கீழ்நோக்கி உருளும் பந்து வேகம் குறையவே குறையாது. சரிவு முடியும் இடம்வரை போய்க்கொண்டே இருக்கும். அதே சரிவில் கிரீன் 8 அடி வேகத்தில் இருந்தால் பந்து மெதுவாகத் தேய்ந்து நின்றுவிடும். ஆட்டக்காரரின் திறமைக்கு இதில் இடமே இல்லை. எத்தனை நுட்பமாகத் தொட்டாலும் நிற்காத பந்து நிற்காது. கடற்காற்று அவர்கள் சொல்லும் "வித்தியாசம் தெரியாமல் போகும் இடம்" இதுதான். அதை அளக்கலாம், முன்கூட்டியே கணக்கும் போடலாம்.

பழைய லிங்க்ஸ் ஐயா, நகாஜிமாவின் புட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. அந்தக் கிரீனில் சற்று மெதுவாக, சற்று வலப்பக்கமாகப் புட் செய்திருந்தால் பந்து நின்றிருக்கும். அவரிடம் வழி இருந்தது. அது கடினமான வழி, அவ்வளவே. 2004 ஞாயிறு காலையில் முதலில் வந்தவர்களிடம் எந்த வழியும் இல்லை.


#8 | வாரஇறுதி18

இதை யாரும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. நன்றி ஐயா.


#9 | கடற்காற்று

புல் பராமரிப்பாளர் ஐயாவின் விளக்கத்தை வைத்துக்கொண்டு ஷின்னக்காக்கின் 2018க்கு வருவோம். சனிக்கிழமை காலையில் டோனி ஃபினாவும் டேனியல் பெர்கரும் முன்னிலையில் இருந்தவரைவிட 11 அடிகள் பின்தங்கியிருந்தார்கள். இருவரும் காலை நேரத்தில் 66 அடித்தார்கள். பிற்பகலில் காற்று வலுத்தது, கிரீன்கள் உலர்ந்தன. அதுவரை 4 அண்டரில் இருந்த டஸ்டின் ஜான்சன் 77 அடித்தார். மாலையில் பார்த்தால் ஃபினாவ், பெர்கர், ஜான்சன், புரூக்ஸ் கெப்கா நால்வரும் 3 ஓவரில் (பாரைவிட 3 அடிகள் அதிகம்) சமமாக நின்றார்கள். 11 அடி இடைவெளி ஒரே பகலில் காணாமல் போனது. நன்றாக அடித்த பந்துகளுக்கும் பலன் கிடைக்காத இடங்கள் இருந்தன என்று யுஎஸ்ஜிஏவின் மைக் டேவிஸே அன்று மாலை ஒப்புக்கொண்டார். மறுநாளுக்குத் தண்ணீர் விட்டார்கள். டாமி ஃப்ளீட்வுட் 63 அடித்தார். ஒரே மைதானம், ஒரே வாரம்.

ஃபில் மிக்கல்சன் 13ஆம் கிரீனில் உருண்டுகொண்டிருந்த பந்தின் பின்னால் ஓடிப்போய் மறுபடி அடித்ததும் அதே சனிக்கிழமைதான். இரண்டு அபராத அடிகள், அந்த ஹோலுக்கு மட்டும் 10. அவர் செய்ததை நான் ஆதரிக்கவில்லை. எந்த ஆத்திரத்தில் செய்தார் என்பது புரிகிறது.


#10 | பழைய லிங்க்ஸ்

டீ நேரத்தின் (ஆடத் தொடங்கும் நேரம்) அதிர்ஷ்டம் லிங்க்ஸ் (கடலோர மணல்மேட்டு) கோல்ஃபில் எப்போதும் உண்டு. 2002 பிரிட்டிஷ் ஓப்பன், முயிர்ஃபீல்ட், சனிக்கிழமை. புயல்மழையில் அகப்பட்ட டைகர் உட்ஸ் 81 அடித்தார். அந்த ஆண்டின் முதல் இரண்டு மேஜர்களையும் (பெரும் பட்டப் போட்டிகள்) வென்றுவிட்டு வந்தவர். அவர் "அநியாயம்" என்று கத்தவில்லை. நனைந்துகொண்டே ஆடி முடித்தார். அதை ஏற்கிறோம், ஷின்னக்காக்கை மட்டும் ஏன் ஏற்கவில்லை?


#11 | சிவப்பு டீ

வானத்திடம் யாரும் முறையிடுவதில்லை. தண்ணீர்க் குழாய் யார் கையில் இருந்தது என்றுதான் கேட்கிறோம். முயிர்ஃபீல்டில் மழையை எந்தக் குழுவும் திட்டமிடவில்லை. ஷின்னக்காக்கில் கிரீனை எவ்வளவு உலர விடுவது, கொடியை எங்கே நடுவது என்று முந்தைய நாள் இரவே மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். காற்று வரும் என்று தெரிந்த இடத்தில் அதற்கான இடைவெளியை விட்டிருக்க வேண்டும்.


#12 | பழைய லிங்க்ஸ்

நல்ல பதில். அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் அதே அளவுகோலால் ஆட்டக்காரர்களையும் அளக்க வேண்டும். 2023 பிரிட்டிஷ் ஓப்பனில் ராயல் லிவர்பூலில் பங்கர்களின் அடிப்பகுதியைத் தட்டையாக வைத்திருந்தார்கள். உருண்டு வரும் பந்து சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டது. முதல் நாள் மாலையிலேயே புகார்கள். மறுநாள் ஓரத்தில் மணலைச் சுவர்மேல் சற்று ஏற்றிவிட்டார்கள், பந்து நடுவுக்குத் திரும்பும்படி. பங்கர் என்றால் போகக்கூடாத இடம். அங்கே போய் விழுந்துவிட்டு, எனக்குச் சமதளத்தில் பந்து கிடக்க வேண்டும் என்று கேட்பதை நான் எப்படி ஏற்பது? எல்லாருக்கும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்த பங்கர்கள் அவை.


#13 | கடற்காற்று

இதில் நான் உங்கள் பக்கம். 2006இல் மெமோரியல் போட்டியில் ஜாக் நிக்லஸ் பற்கள் அகன்ற வாரியால் பங்கர் மணலில் சால் போட வைத்தபோதும் இதே கூச்சல் எழுந்தது. ஓக்மாண்டில் பல பத்தாண்டுகள் அப்படித்தான் இருந்தது. அதை உருவாக்கிய ஃபௌன்ஸ் குடும்பத்தாரின் கொள்கையே, மோசமாக அடித்த அடி மீட்க முடியாமல் இழந்த அடியாக இருக்க வேண்டும் என்பதுதான். மிகக் கடுமையான கொள்கை. எனக்குப் பிடிக்காத கொள்கையும்கூட, ஏனென்றால் மீண்டு வரும் அடியின் அழகை அது கொன்றுவிடுகிறது. ஆனால் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். 2025இல் அங்கே பாருக்குக் கீழே முடித்தவர் ஜே. ஜே. ஸ்பான் ஒருவர் மட்டுமே, அதுவும் 1 அண்டர். யாரும் மைதானம் கைமீறிப் போனது என்று சொல்லவில்லை. கடினம் மட்டுமே பிரச்சினை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.


#14 | கொல்கத்தாவாசி

நீங்கள் எல்லாரும் அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் நிற்கிறீர்கள். குருகிராமையும் கொஞ்சம் பாருங்கள்.

டிஎல்எஃப்பின் கேரி பிளேயர் மைதானத்துக்கு இந்திய ஓப்பன் 2017இல் வந்தபோது வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலர் திகைத்துப் போனார்கள். செயற்கையாக எழுப்பிய மேடுகள், ஆழமான பங்கர்கள், அடுக்கடுக்கான கிரீன்கள். அளவுக்கு மீறிப் போய்விட்டார்கள் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. யார் வென்றது? எஸ்.எஸ்.பி. சௌராசியா. 10 அண்டர். இரண்டாவதாக வந்தவரைவிட 7 அடிகள் குறைவு. அவர் நீண்ட தூரம் அடிப்பவர் அல்லர். ராயல் கல்கத்தா கிளப்பில் கிரீன்களைப் பராமரித்தவரின் மகன், அந்த மைதானத்திலேயே பார்த்துப் பார்த்து ஆட்டம் கற்றவர். எந்த இடத்தில் பந்து இருக்கக் கூடாது என்பதை மட்டும் யோசித்து நான்கு நாட்கள் ஆடினார். சிப்பிங்கும் புட்டிங்கும் அவரைத் தூக்கி நிறுத்தின. மற்றவர்கள் மைதானத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் அதனோடு பேசிக்கொண்டிருந்தார்.

2019இல் ஸ்டீஃபன் கல்லாகர் கடைசி நாளில் அங்கே 7ஆம் ஹோலில் 8 அடித்தார். பார் 4இல் நான்கு அடிகள் இழப்பு. அப்படியும் அவரே வென்றார். எட்டு அடித்தவர் மீண்டு வர இடம் கொடுத்த மைதானத்தை எப்படி அநியாயம் என்பது?

அந்த மைதானம் அழகாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. வாரஇறுதியில் ஆடும் உறுப்பினருக்கு அது எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் "இங்கே திறமைக்கு மதிப்பில்லை" என்றவர்களுக்கு சௌராசியா பதில் சொல்லிவிட்டார்.


#15 | வாரஇறுதி18

சௌராசியாவின் வெற்றியைப் பற்றி எழுதியதற்கு மகிழ்ச்சி. ஒரு சந்தேகம். ஃப்ளோரிடாவின் சாகிராஸ் மைதானத்தின் 17ஆம் ஹோலை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்? சுற்றிலும் தண்ணீர், தப்பிக்க வழியில்லை, நான் சொன்ன "கட்டாயம் தாண்டு" வகைதானே அதுவும்?


#16 | கடற்காற்று

ஆமாம், அந்த வகைதான். ஆனால் தூரம் 137 கஜம்தான், கையில் குறுகிய அயர்ன் அல்லது வெட்ஜ் (குறைந்த தூரம் அடிக்கும் கிளப்கள்). முதலில் அங்கே தீவு கிரீன் திட்டமே இல்லை. மைதானத்தின் மற்ற பகுதிகளுக்கு நல்ல மணல் தேவைப்பட்டு அந்த இடத்தில் தோண்டிக்கொண்டே போனார்கள். பெரிய பள்ளமாகிவிட்டது. அதைத் தண்ணீரால் நிரப்பித் தீவாக்கிவிடலாம் என்று வடிவமைப்பாளர் பீட் டையிடம் சொன்னவர் அவர் மனைவி ஆலிஸ் டை. 1982இல் முதல் முறை அங்கே பிளேயர்ஸ் போட்டி நடந்தபோது ஆட்டக்காரர்களின் கோபம் 17ஆம் ஹோலைவிட மற்ற கிரீன்களின் மீதுதான் அதிகம். பிறகு பீட் டை பல கிரீன்களை மென்மையாக்கினார்.

கலிஃபோர்னியாவில் அவர் கட்டிய பிஜிஏ வெஸ்ட் ஸ்டேடியம் மைதானத்துக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 1987இல் பாப் ஹோப் போட்டியில் ஒரு முறை ஆடினார்கள். இனி இங்கே வர மாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்டு மனுவே கொடுத்தார்கள். அதைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். 2016இல் மீண்டும் சேர்த்தார்கள். இன்றைக்கு அந்த மைதானத்தையும் சேர்த்து ஆடும் அந்தப் போட்டியில் 20 அண்டருக்கு மேல் அடித்து வெல்கிறார்கள், மனு எதையும் காணோம். பந்தும் கிளப்பும் மாறியது ஒரு காரணம். பழகிப்போனது இன்னொரு காரணம். புதிய மைதானத்தின் மீது எழும் முதல் கோபத்தை நான் அதிகம் நம்புவதில்லை.


#17 | சிவப்பு டீ

137 கஜம் அவர்களுக்கு வெட்ஜ். எனக்கு அது ஏறக்குறைய டிரைவர். அந்த ஹோலில் முன் டீயிலிருந்து ஆடினால்கூட கிரீன் அதே சின்னக் கிரீன்தான், சுற்றிலும் அதே தண்ணீர்தான். ஆலிஸ் டையை நான் மதிப்பவள், ஆனாலும் சொல்கிறேன்: மைதானத்துக்கு ஒன்று இருக்கலாம், ஒரு நாள் வேடிக்கைக்கு. அதைப் பார்த்துவிட்டு ஊர் ஊராகத் தீவு கிரீன் கட்டினார்களே, அதுதான் எங்களைப் போன்றவர்களுக்குச் செய்த கெடுதல்.


#18 | வாரஇறுதி18

இன்னொரு விஷயம், கோபிக்காதீர்கள். ஃபேர்வே நடுவில் அழகாக அடித்து, பந்து வேறொருவர் வெட்டிவிட்டுப் போன டிவட் பள்ளத்தில் கிடந்தால்? அது அநியாயம்தானே? விதி அங்கேயும் நிவாரணம் தருவதில்லை.


#19 | பழைய லிங்க்ஸ்

பந்து கிடக்கும் நிலையிலேயே ஆடு. அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம். டிவட்டுக்கு விலக்கு கொடுத்தால், பாதி மூடியது டிவட்டா, புல் முளைத்துவிட்டது டிவட்டா என்று ஒவ்வொரு ஹோலிலும் நடுவரைக் கூப்பிட வேண்டியிருக்கும். 2019இல் கிரீனில் ஷூ ஆணித் தடத்தைச் சரிசெய்ய அனுமதித்தார்கள். அது சரி, அங்கே பந்து உருளும் பரப்பைச் சீர் செய்கிறோம். ஃபேர்வேயில் வேண்டாம்.


#20 | கொல்கத்தாவாசி

டிவட்டைத் தனி இழையில் பேசலாம், இல்லாவிட்டால் இது நூறு பதிவைத் தாண்டிவிடும். என் கேள்வி புல் பராமரிப்பாளர் ஐயாவுக்கு. ஷின்னக்காக்கின் பொறுப்பை உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? 7ஆம் கிரீனை இடித்துச் சமன் செய்வீர்களா?


#21 | புல் பராமரிப்பாளர்

ஒருபோதும் மாட்டேன். அந்தச் சரிவை இழந்துவிட்டால் அது ரெடானே இல்லை, கொடியைப் பார்த்து அடிக்கும் சாதாரணப் பார் 3.

18 கிரீன்களில் எது மிகச் சரிவானது என்று முதலில் பார்ப்பேன். அங்கே கொடி நடத் தகுந்த பகுதிகளை டிஜிட்டல் சரிவுமானியால் அளந்து குறிப்பேன். அந்தப் பகுதிகளில் பந்து நிற்கக்கூடிய உச்ச வேகம் எதுவோ, அதற்குக் கொஞ்சம் கீழேதான் மைதானம் முழுவதற்குமான வேகத்தை வைப்பேன். மற்ற 17 கிரீன்களும் அதைவிட வேகமாக ஓடத் தாங்கும் என்றாலும் ஓட விட மாட்டேன். ஆட்டக்காரர் 6ஆம் கிரீனில் கற்ற வேகம் 7ஆம் கிரீனிலும் செல்லுபடியாக வேண்டும். தொலைக்காட்சியில் "இந்த வாரம் 11 அடிதான்" என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது காற்று. அந்த இடத்தில் பிற்பகல் காற்று வலுப்பது எல்லாருக்கும் தெரியும். கொடி நடும்போது காலை ஆறு மணி நிலையைப் பார்த்து நடக்கூடாது. மாலை நான்கு மணிக்கு மண்ணில் எவ்வளவு ஈரம் மிச்சம் இருக்கும் என்பதை மனதில் வைத்து நட வேண்டும். ஈரமானியைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பவர்கள் நாங்கள், எங்களைக் கேட்டால் சொல்வோம். பல போட்டிகளில் கடைசி முடிவை எங்களைக் கேட்டு எடுப்பதில்லை.

கடினம் குறைந்துவிடும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். ஃபேர்வே குறுகல் தேவையில்லை, ஆளுயர ரஃப் (ஓரத்துப் புல்) தேவையில்லை. கிரீன்களைச் சுற்றி ஒட்ட வெட்டி, மண்ணை உறுதியாக வைத்து, காற்றை அதன் போக்கில் விட்டால் போதும். தவறான பக்கம் இறங்கிய பந்து முப்பது கஜம் உருண்டு கீழே போகும். சரியான பக்கம் இறங்கியது தங்கும்.


#22 | பழைய லிங்க்ஸ்

11 அடி என்றால் எனக்குச் சம்மதம் ஐயா. 10 என்றாலும் சம்மதம். முப்பது கஜம் உருண்டு போன பந்தை அங்கேயிருந்து எப்படித் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்கத்தான் நான் தொலைக்காட்சி முன் உட்காருகிறேன். டிவட் இழையை வாரஇறுதி18 தொடங்கட்டும், அங்கே வருகிறேன்.